சுத்தியல் படாத மூடி

முனியராஜுக்குக் கை சுத்தம். பாண்டிமுருகனே அதை நாலு பேர் முன்னால் சொல்லியிருக்கிறார். அவர் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை விழ வேண்டுமென்றால் கண்மாய் இரண்டு தடவை நிரம்பி மறுகால் பாய வேண்டும். அப்பேர்ப்பட்ட மனுஷனே சொன்னார் என்றால் வேலையில் குறை சொல்ல இடமில்லை என்றுதான் ஊர் எடுத்துக்கொண்டது.

பாண்டிமுருகன் வெம்பக்கோட்டைப் பக்கத்துச் சம்சாரி. பருத்தி, மக்காச்சோள வெள்ளாமை போக, பெரியகண்மாயில் மீன் குத்தகையும் எடுத்திருந்தார். தூத்துக்குடியிலிருந்து ஒரு பழைய ஃபைபர் படகையும், அதை ஏற்றி இழுக்க இரண்டு சக்கர டிரெய்லர் ஒன்றையும் வாங்கிப் போட்டிருந்தார். படகும் டிரெய்லரும் முனியராஜ் பொறுப்பு. அதைப் பொலிரோவில் மாட்டி இழுப்பது சிவபாண்டி பொறுப்பு. சிவபாண்டிக்கு இருபத்தெட்டு வயது, வாய் நிற்காது, ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டால் காலும் நிற்காது.

படகு டிரெய்லர் மற்ற டிரெய்லர் மாதிரி இல்லை. உரமூட்டை ஏற்றுகிற டிரெய்லர் வெயிலிலும் தூசியிலும் கிடக்கும், அவ்வளவுதான். படகு டிரெய்லரைத் தினமும் அச்சு முங்கத் தண்ணீருக்குள் இறக்கியாக வேண்டும். சக்கரத்தின் நடுக்குடத்துக்குள் பேரிங் இருக்கிறது. அதில் கிரீஸ் இருக்கிறது. அந்தக் கிரீஸுக்கும் கண்மாய்த் தண்ணீருக்கும் நடுவில் நிற்பது உள்ளங்கை அகல இரும்பு மூடி ஒன்றுதான். அது கழன்றால் தண்ணீர் உள்ளே போகும், மண் போகும், துரு ஏறும், ஒருநாள் சக்கரமே போகும்.

சாத்தூர் மெக்கானிக் மணிகண்டராஜ் இதையெல்லாம் முதல் நாளே சொல்லிக் கொடுத்திருந்தான். "ரோட்டுல ஓடி வந்த சூட்டோட தண்ணிக்குள்ள இறக்கிறாதீக அண்ணாச்சி. கையை வச்சுப் பாருங்க, சூடு ஆறட்டும். கொதிக்கிற குடத்துல குளுந்த தண்ணி பட்டா உள்ள உறிஞ்சிக்கிடும். பத்து நாளைக்கு ஒருக்கா கழட்டி, மண்ணெண்ணெயில களுவி, புது கிரீஸ் வையுங்க. கடைசில மூடியை வச்சுச் சுத்தியலால நாலு பக்கமும் போடுங்க. சத்தம் மாறும். ணங்குன்னு கேக்கணும். அப்பத்தான் உக்காந்துருக்குன்னு அர்த்தம்."

எல்லாவற்றையும் முனியராஜ் ஒழுங்காகச் செய்தான். பேரிங்கை உள்ளங்கையில் வைத்துக் கிரீஸை அழுத்தி அழுத்தி ஒவ்வொரு உருளைக்கும் இடையில் ஏற்றுவான். மறுபக்கம் புழு மாதிரிக் கிரீஸ் வெளியே வந்தால்தான் அவன் மனசு ஆறும். நட்டை இறுக்கி, ஒரு பொட்டு தளர்த்தி, பின்னைச் செருகி மடக்குவான். சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் காதைக் கொடுத்துக் கேட்பான். இருபத்திரண்டு வருஷம் பட்டாசுக் கம்பெனியில் மருந்து அடைத்த கை அது. பதமாகத் தொடத் தெரியும்.

அடிக்கத்தான் தெரியாது. தெரியாது என்று சொல்வதுகூடத் தப்பு. அடிக்க ஏலாது.

மருந்து அறைக்குள் போகிறவனுக்கு முதல் பாடமே இரும்பு ஆகாது என்பதுதான். காலில் செருப்பு கிடையாது. பொம்பளைகள் கொலுசைக் கழற்றி, கொண்டை ஊசியைக்கூட எடுத்து வைத்துவிட்டுத்தான் வாசல் தாண்ட வேண்டும். அலுமினியச் சட்டி, மரக்கரண்டி, ரப்பர் விரிப்பு. இரும்பின் மேல் இரும்பு பட்டால் பொறி. பொறி பட்டால் அந்த அறையில் இருந்தவர்கள் யார் யார் என்று பெயர்ப் பலகையைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். முனியராஜுக்கு இது மனப்பாடம். அவன் தம்பி ஊர்க்காவலனுக்கும் மனப்பாடம்தான். ஆனால் நாலு வருஷத்துக்கு முன்னால், தீபாவளிக்குப் பதினோரு நாள் இருக்கையில், சீசன் அவசரத்தில், சட்டியின் அடியில் இறுகிப் போயிருந்த மருந்தைச் சுரண்ட அவன் கைக்கு அகப்பட்டது ஓர் இரும்புப் பட்டை. முனியராஜ் அப்போது தண்ணீர் குடிக்க வெளியே வேப்பமரத்தடிக்கு வந்திருந்தான். சொம்பை வாயில் வைத்திருக்கையில் உள்ளேயிருந்து ணங்கென்று ஒரு சத்தம் கேட்டது. அதற்கு அடுத்த சத்தம் அவனுக்கு நினைவில்லை. அந்த முதல் சத்தம்தான் இன்றைக்கும் காதில் இருக்கிறது.

நாலு பேர் போனார்கள். ஊர்க்காவலனை ஒரு சாக்கில் கொண்டு வந்தார்கள். முனியராஜ் முதுகு முழுக்க வெந்து ஐந்து மாதம் குப்புறவே படுத்துக் கிடந்தான். எழுந்து நடந்த அன்றைக்கு அவன் முதலில் செய்த காரியம், பொண்டாட்டி மாரிசெல்வியின் கையைத் தன் தலையில் வைத்து, இனிமேல் கம்பெனி வாசலை மிதிக்க மாட்டேன் என்று அவளைச் சத்தியம் செய்ய வைத்ததுதான். மாரிசெல்வி ஆடு வாங்கி வைப்பாற்றுப் படுகையில் மேய்க்கப் போனாள். அடுத்த வீட்டுச் சண்முகத்தாயும், "நீ போற எடத்துக்கு நானும் வாரேன் தாயி, வேகுற சாவு எனக்கும் வேண்டாம்" என்று கம்பெனி வேலையை விட்டுவிட்டு அவள் பின்னால் வந்தாள். சண்முகத்தாயின் புருஷன் கருப்பணன் மட்டும் இன்னும் கம்பெனிக்குத்தான் போய்க்கொண்டிருந்தான்.

ஆக, மூடியை மாட்டும் நேரம் வந்தால் முனியராஜ் சுத்தியலை எடுக்கமாட்டான். தச்சன் கொட்டாப்புளி ஒன்று வைத்திருந்தான், முழுக்க மரம். அதனால் பொத்துப் பொத்தென்று தட்டுவான். மூடி முக்கால்வாசி போகும். அதற்கு மேல் போகாது. விரலால் திருகினால் மூடி சுற்றும். சுற்றக்கூடாது என்று அவனுக்கும் தெரியும். அதனால் சைக்கிள் டியூபை வெட்டி மூடியின் விளிம்பில் பட்டையாக இறுக்கிவிடுவான். ஷெட்டிலிருந்து கண்மாய்க்கு ஒன்றரை கிலோமீட்டர். அந்தத் தூரத்துக்கு அது தாங்கியது. ஒரு வருஷமாகத் தாங்கிக்கொண்டுதான் இருந்தது. தாங்குகிற வரைக்கும் எந்தத் தப்பும் தப்பாகத் தெரியாது.

தீபாவளி முடிந்து மழை பிடித்த வாரத்தில் அவன் கிரீஸ் மாற்றிக்கொண்டிருக்கையில் சிவபாண்டி பக்கத்தில் வந்து நின்று சிரித்தான். "அடி மேல அடி வச்சாத்தான் அம்மியே நகருமாம். நீங்க என்னண்ணே, பச்சப்பிள்ளைக்குத் தட்டிக் குடுக்குற மாதிரி தட்டுறீக? கொண்டாங்க, சுத்தியல எடுத்து நான் ஒரு போடு போடுறேன்."

"வேண்டாம்லே, வலதுபக்கம் அடிச்சாச்சு. இதையும் நானே அடிச்சுக்கிடுறேன். நீ போய் டீ சொல்லு."

சிவபாண்டி போனான். முனியராஜ் இரண்டு பக்கமும் அடிக்கவில்லை. டியூப் பட்டையைச் சுற்றிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு டீ குடிக்கப் போனான். திரும்பி வரும்போது சிவபாண்டி கேட்டான், "அடிச்சிட்டீகளா?" முனியராஜ் சொன்னான், "அடிச்சிட்டேன்." வாழ்க்கையில் அவன் சொன்ன பொய்களை எண்ணினால் ஒரு கையில் விரல் மிச்சம் இருக்கும். அதில் இது ஒன்று.

எட்டாம் நாள் மத்தியானம் மூன்று மணிக்கு முனியராஜின் போன் அடித்தது. மாரிசெல்வி. மழைச் சத்தத்துக்கு மேல் கத்தினாள்.

"ஏங்க, ஆத்துல தண்ணி வந்துருச்சுங்க. ஆட்ட பத்தப் போன எடத்துல மாட்டிக்கிட்டோம். நடுத் திட்டுல நிக்கோம். நானும் சம்முகத்தாய் மதினியும்."

"திட்டுல எங்கன?"

"முள்ளு உடைமரம் ஒண்ணு நிக்குதுல்ல, அங்கன. முளங்காலுக்கு வந்துருச்சு. ஆடெல்லாம் போயிருச்சுங்க. மதினிக்கு நீச்சல் தெரியாது. எனக்கும்தான் எங்கன தெரியும்?"

"மரத்துல ஏறுங்க. ரெண்டு பேரும் ஏறி இறுக்கிப் பிடிங்க. நான் படகோட வாரேன். அரைமணி நேரந்தான். விட்டுறாத தாயி."

காலையிலேயே ஆற்றில் இறங்க வேண்டாமென்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். முதல் நாள் திட்டில் விட்டுவந்த எட்டு ஆட்டுக்காக இரண்டு பேரும் போயிருக்கிறார்கள். ஆடு அவர்களுக்கு ஆடு இல்லை. கம்பெனிக்குப் போகாமல் உயிரோடு இருப்பதற்கு அதுதான் வழி. யாரைக் குறை சொல்வது?

தீயணைப்பு வண்டி கீழே வேறோர் ஊரில் தண்ணீர் சூழ்ந்த வீடுகளுக்குப் போயிருந்தது. அது இங்கே வர ஒன்றரை மணி நேரம் ஆகும் என்றார்கள். பக்கத்தில் இருக்கிற ஒரே படகு இந்தப் படகுதான். பாண்டிமுருகனிடம் அனுமதி கேட்கவே வேண்டியிருக்கவில்லை. "என்னலே பாத்துக்கிட்டு நிக்கீக? எடுங்கலே! கயிறு எம்புட்டு இருக்கோ அம்புட்டையும் அள்ளிப் போடுங்க" என்று அவரே மழையில் நனைந்துகொண்டு கத்தினார். ஆளைப் பற்றி ஆயிரம் சொல்லலாம், அன்றைக்கு அவர் நல்ல மனுஷன்தான்.

படகை ஏற்றிக் கட்டினார்கள். பதினோரு கிலோமீட்டர் ஓட வேண்டும். முனியராஜ் சக்கரங்களைக் குனிந்து பார்த்தான். மூடிகள் இருந்தன. இடதுபக்க மூடியில் டியூப் பட்டை நழுவித் தொங்கியது. விரலால் திருகினான். சுற்றியது. பொலிரோவின் பின்னால் டூல்ஸ் பெட்டி இருந்தது. அதில் சுத்தியல் இருந்தது. அதை எடுத்தான், எடுக்காமல் இல்லை. மூடிக்கு நேராகக் கையை ஓங்கினான். ஓங்கிய கை அப்படியே நின்றது. தோளிலிருந்து விரல் வரைக்கும் மரத்துப் போயிற்று. காதுக்குள் அந்தப் பழைய சத்தம் கேட்டது, சுத்தியல் இறங்காமலேயே.

நாலு அடி. அரை நிமிஷ வேலை.

சிவபாண்டி ஹாரனை அமுக்கினான். "அண்ணே, ஏறுங்கண்ணே! மதினிமாரு அங்கன நிக்காக!"

முனியராஜ் சுத்தியலைப் பெட்டியில் போட்டான். மூடியை உள்ளங்கையால் ஓர் அழுத்து அழுத்திவிட்டு ஓடிப் போய் ஏறினான்.

நாலு கிலோமீட்டர் வரைக்கும் ஒன்றும் இல்லை. ரோடு முழுக்க மேட்டுநிலத்துத் தண்ணீர் செம்மண்ணோடு குறுக்கே ஓடியது. சிவபாண்டி எல்லாவற்றையும் பிளந்துகொண்டு ஓட்டினான். முனியராஜ் போனைக் காதில் வைத்திருந்தான். இடுப்புக்கு வந்துவிட்டது என்றாள் மாரிசெல்வி. மரத்தில் முள், ஏற முடியவில்லை, ஆனாலும் ஏறிவிட்டோம் என்றாள். பிறகு போன் அணைந்தது.

ஏழாவது கிலோமீட்டரில் அவனுக்கு நாற்றம் வந்தது. எரிகிற நாற்றத்தை அவன் மூக்கு மற்றவர்களுக்கு முன்னால் கண்டுபிடிக்கும். கிரீஸ் கருகுகிறது. "நிறுத்துலே" என்று அவன் சொல்லி முடிக்கவில்லை, பின்னால் கறமுறவென்று இரும்பை இரும்பு தின்கிற ஓசை கேட்டது, வண்டி ஒரு பக்கம் சாய்ந்து இழுத்தது. கழன்ற சக்கரம் அவர்கள் வண்டியை முந்திக்கொண்டு ரோட்டில் கொஞ்ச தூரம் ஓடி, ஒரு பாலத்துக்கு முன்னால் பருத்திக் காட்டில் இறங்கிப் படுத்தது.

இறங்கிப் பார்த்தார்கள். இடதுபக்கம் மூடி இல்லை. எங்கே விழுந்ததோ. அச்சு நீலம் பாரித்துப் புகைந்தது, மழை விழ விழச் சீறியது. பேரிங் உருளைகள் தூள். உள்ளே துருவும் செம்மண்ணும் குழம்பாக இருந்தன. எட்டு நாளும் படகை இறக்கி ஏற்றும்போதெல்லாம் அந்த மூடியின் இடுக்கு வழியாகத் தண்ணீர் உள்ளே போய்க்கொண்டிருந்திருக்கிறது. சிவபாண்டி தலையில் அடித்துக்கொண்டான். "நாந்தாண்ணே, நாந்தான் ரொம்ப வேகமா வந்துட்டேன்" என்றான். முனியராஜ் படகின் கட்டுக் கயிற்றை அவிழ்க்கப் போனான்.

படகைத் தூக்கிப் போக ஆள் வேண்டும். நாலு பேர் கிடைக்க இருபது நிமிஷம். அந்த வழியாக வந்த லோடு ஆட்டோக்காரன் ஒருவன் தன் பெட்டிகளை ரோட்டோரம் மழையில் இறக்கிவிட்டு வண்டியைக் கொடுத்தான். படகு அதில் அடங்கவில்லை. பாதிக்குமேல் வெளியே நீட்டிக்கொண்டு நின்றதைக் கயிற்றால் கட்டி, இரண்டு பேர் பின்னால் பிடித்துக்கொண்டு, ஓட்டமும் நடையுமாகக் கொண்டுபோனார்கள். முனியராஜ் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடினான். அரைமணி நேரம் என்று சொன்னவன் ஒன்றேகால் மணி நேரம் கழித்துக் கரையில் நின்றான்.

உடைமரம் தெரிந்தது. அதில் ஒருத்திதான் தெரிந்தாள்.

படகைக் கயிற்றோடு விட்டு அவளை எடுத்துவந்தார்கள். கையெல்லாம் முள் கிழித்து, உதடு வெளுத்து, மாரிசெல்வி பேசமுடியாமல் நடுங்கினாள். கரைக்கு வந்து வெகுநேரம் கழித்து, முனியராஜின் சட்டையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"இப்பத்தாங்க. இப்ப கொஞ்சம் முன்னாடிதான். கைய விட்டுட்டாக. வந்துருவானா உன் வீட்டுக்காரன், வந்துருவானான்னு கேட்டுக்கிட்டே இருந்தாக. வந்துருவாக மதினி, அவுக வேலை சுத்தம், அவுக வண்டி வழில நிக்காதுன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன்." அப்புறம் கேட்டாள், "ஏங்க இம்புட்டு நேரம்?"

"சக்கரம் கழண்டு போச்சு" என்றான்.

மறுநாள் காலைக்குள் ஊருக்கே கதை தெரிந்துவிட்டது. கதை என்றால் சிவபாண்டியின் கதை. கண்மண் தெரியாமல் ஓட்டினான், சக்கரத்தைக் கழற்றினான், ஓர் உயிரைப் போகவிட்டான். பாண்டிமுருகன் அவனைச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகச் சொல்லிவிட்டார். அவன் போகாமல் ஷெட் ஓரத்தில் குத்தவைத்து அழுதுகொண்டிருந்தான். முனியராஜ் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். பார்த்துக்கொண்டு இருப்பதற்கும் ஒரு நெஞ்சு வேண்டும், அது அவனுக்கு அன்றைக்கு இருந்தது. அதை நினைத்து அவனுக்கே அவனைக் காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது.

மழை விட்டிருந்தது, ஆறு இன்னும் வடியவில்லை. சண்முகத்தாய் கிடைக்கவில்லை. தீயணைப்பு ஆட்கள் விடிந்ததிலிருந்து தேடிக்கொண்டிருந்தார்கள், இன்னொரு படகு இருந்தால் தேவலை என்றார்கள். மணிகண்டராஜ் சாத்தூரிலிருந்து புதுப் பேரிங்கும் புது மூடிகளும் கொண்டுவந்தான். அச்சை அரத்தால் ராவிச் சீர் பண்ணிக் கொடுத்துவிட்டு, வலதுபக்கச் சக்கரத்தைக் கழற்றப் போனான். "இடதுபக்கத்த நீங்க முடிச்சிருங்க அண்ணாச்சி" என்றான்.

கருப்பணன் வந்து நின்றான். ராத்திரி முழுக்கக் கரையில் நடந்த காலில் சேறு காய்ந்து வெடித்திருந்தது. "எம்புட்டு நேரம் ஆகும் மாப்ள?" என்று கேட்டான். பதிலுக்குக் காத்திராமல் உட்கார்ந்து சக்கரத்தைப் பிடித்துக்கொண்டான். பொண்டாட்டியைத் தேடப் போகிற வண்டிக்கு அவனே சக்கரம் பிடித்தான்.

முனியராஜ் கிரீஸை ஏற்றினான். பேரிங்கை உள்ளே தள்ளினான். நட்டு, தளர்ச்சி, பின். மூடியை எடுத்துக் குடத்தின் வாயில் வைத்தான். கொட்டாப்புளி காலடியில்தான் கிடந்தது. அவன் சுத்தியலை எடுத்தான்.

கை நின்றது. நேற்று நின்ற அதே இடத்தில் நின்றது. கண்ணை மூடிக்கொண்டு இறக்கினான்.

ணங்.

கருப்பணனின் இரண்டு கையும் தன்னால் முகத்துக்குப் போயின. அவனும் கம்பெனிக்காரன்தானே. ஒரு கணம் இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டு அப்படியே இருந்தார்கள், எதற்கோ காத்திருப்பதுபோல.

ஒன்றும் வெடிக்கவில்லை. ஷெட் ஓட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது. எங்கோ ஓர் ஆடு கத்தியது.

இன்னோர் அடி. மூடியின் இரண்டு பக்கம் உட்கார்ந்தது. கருப்பணன் கையை இறக்கிவிட்டு, ஒரு விரலால் மூடியைத் தொட்டுத் திருகிப் பார்த்தான். அசையவில்லை.

"இம்புட்டுதானா மாப்ள வேலை?" என்றான். அவன் குரலில் குத்தல் ஏதும் இல்லை. தெரியாமல்தான் கேட்டான். "இது உக்காந்துட்டா அப்புறம் கழலாதா?"

"கழலாது மச்சான்."

"நேத்து எப்படிக் கழண்டுச்சு?"

ஷெட் ஓரத்தில் சிவபாண்டி தலையை நிமிர்த்தினான். மணிகண்டராஜின் கை வலதுபக்கச் சக்கரத்தில் நின்றது. முனியராஜ் சுத்தியலைக் கீழே வைக்கவில்லை.

"நேத்து நான் அடிக்கல மச்சான். எட்டு நாளைக்கு முன்னாடியும் அடிக்கல. ஒரு வருசமா அடிக்கல. அடிச்சேன்னு அவங்கிட்டப் பொய் சொன்னேன். அந்தப் பய மேல ஒரு குத்தமும் இல்ல. இரும்ப எடுத்தா எனக்குத் தம்பி சத்தந்தான் கேக்கு. நேத்தும் ஓங்கினேன். ஏலல. சம்முகத்தாய் அக்கா போனது என் கையாலதான்."

கருப்பணன் அவனையே பார்த்துக்கொண்டிருந்தான். எழுந்து அடிப்பான் என்று சிவபாண்டி நினைத்தான். முனியராஜும் அதைத்தான் நினைத்தான், அடித்தால் தேவலை என்றும் நினைத்தான். கருப்பணன் எழுந்திருக்கவில்லை. சக்கரத்தில் கை வைத்துக்கொண்டு குனிந்தே இருந்தான். அவன் முதுகு ஒரு தடவை குலுங்கியது. சக்கரம் அவன் கையில் மெதுவாகக் கால் சுற்று சுற்றி நின்றது, சத்தமே இல்லாமல், அத்தனை நல்ல கிரீஸ்.

"மிச்ச ரெண்டு பக்கத்தையும் அடி" என்றான். முகத்தைத் தூக்காமல்தான் சொன்னான். "அவ இன்னும் தண்ணியிலதான் கெடக்கா."

முனியராஜ் அடித்தான்.